அடி பலமாக விழுந்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் மாய உலக விளையாட்டுகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்தக் காலத்தில் சண்டை கடினமாக இருந்தது, அதனால் ஆழமும் இருந்தது, இப்போது ஆடுபவர்களுக்குப் பொறுமை இல்லாததால் எல்லாவற்றையும் எளிதாக்கிவிட்டார்கள் என்கிறார் கட்டுரையாளர். நான் எந்த விளையாட்டுக்குப் போனாலும் ஹீலராகவே, அதாவது அடிபட்ட கூட்டாளிகளின் உயிரை ஏற்றிவிடுபவளாகவே, ஆடுபவள். மற்றவர்கள் வாள் வீச, அவர்களுடைய உயிர்க்கோடு இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. அங்கிருந்து பார்க்கும்போது அவர் சொல்வதில் பாதிதான் எனக்கு ஒத்துவருகிறது.

1999இல் வந்த எவர்குவெஸ்ட்டை அவர் உதாரணம் காட்டுகிறார். அதில் செத்தால் சேர்த்துவைத்த அனுபவப் புள்ளிகள் குறையும். கவசமும் ஆயுதமும் பிணத்தோடு அங்கேயே கிடக்கும். வெறுங்கையோடு ஓடிப்போய் எடுத்துவர வேண்டும். பயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது தோற்றபிறகு கிடைக்கிற தண்டனை. சண்டை நடக்கும்போது நம் மூளைக்கு என்ன வேலை என்பது தனிக்கணக்கு. அதே விளையாட்டில் பல எதிரிகள் ஒன்றாகப் பாயும்போது ஒருவனை மட்டும் விட்டு மற்றவர்களை மயக்கி நிறுத்தும் மந்திரக்காரர்கள் உண்டு. பாராட்டுவதானால் அவர்களைப் பாராட்டியிருக்கலாம்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004இல் வந்தபோதும் இதே சங்கதிதான் என்னைப் பிடித்து இழுத்தது. மந்திரவாதி ஓர் எதிரியை ஆடாக மாற்றிவிடுவார். அந்த ஆடு பாட்டுக்கு அங்குமிங்கும் நடந்துகொண்டிருக்கும். யாராவது ஒரு அடி போட்டால் மந்திரம் கலைந்துவிடும். ஆடாக இருக்கும் நேரத்தில் அதன் உயிர் மளமளவென்று ஏறியும்விடும், அதனால் பாதி அடித்தவனை ஆடாக்குவது வீண். யாரை ஆடாக்குவது, யாரை முதலில் சாய்ப்பது, எப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்று எல்லாருமே யோசிக்க வேண்டும். எனக்கும் இதில் பங்கு உண்டு: டேங்க், அதாவது முன்னால் நின்று அடி வாங்குபவர், எதிரிகளின் கோபத்தைத் தன்மேல் திருப்புவதற்குள் அவசரப்பட்டுப் பெரிய ஹீல் போட்டால், அத்தனை பேரும் என்மேல் பாய்வார்கள். இதற்கெல்லாம் வேகமான விரல்கள் தேவையில்லை. அதே விளையாட்டில் மோல்ட்டன் கோர் என்ற பெரிய சண்டைக்களத்தில் 40 பேர் கூடியதைப் பலர் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். அங்கே பெரிய சிரமமே 40 பேரையும் ஒரே நேரத்தில் கூட்டிவந்து உட்காரவைப்பதுதான்!

பொத்தான் குறைவாக இருந்தால் ஆழமும் குறைவு என்பவர்கள் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற விளையாட்டில் ஜாட் என்ற அரக்கனோடு நடக்கும் சண்டையைப் பார்க்க வேண்டும். அலையலையாக எதிரிகள் வருவார்கள்; 62 அலைகளைத் தாண்டினால் 63ஆவதாக வருவது ஜாட். முன்னங்கால்களைத் தரையில் ஓங்கி மிதித்தால் மேலிருந்து பாறை விழப்போகிறது; பின்னங்கால்களில் எழுந்து நின்றால் நெருப்பு வரப்போகிறது. அதைப் பார்த்து அந்தந்த அடியைத் தடுக்கும் ‘பிரார்த்தனை’ என்ற காப்பை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். நம் உயிர் அதிகபட்சம் 99. ஜாட்டின் ஓர் அடி 97 வரை போகும். சண்டை பாதியைத் தாண்டியதும் அதற்கு ஹீல் போடக் குட்டிகள் வந்துவிடும். நாம் அவற்றை நம்பக்கம் இழுக்கவும் வேண்டும், ஜாட்டின் காலிலிருந்து கண்ணை எடுக்கவும் கூடாது. எதிரணி ஹீலர்கள் என்பதால் எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் பரிவுகூட உண்டு.

எளிதாகிப்போன சண்டை என்ற மறுபக்கத்துக்கு வருகிறேன். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் 2016 அக்டோபரில் எல்லா நிலங்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். எந்த ஊருக்கும் எப்போது வேண்டுமானாலும் போகலாம், எந்த லெவல் நண்பரோடும் சேர்ந்து ஆடலாம். நல்ல ஏற்பாடு. எதிரி ஓங்கி அடிக்கும்போது தடுப்பது, மந்திரம் ஓதும்போது இடித்து நிறுத்துவது, உருண்டு விலகுவது என்று சண்டைக்கான கருவிகளும் அதில் நிறைய. ஆனால் வெளியுலகில் திரியும் எதிரி கையை ஓங்குவதற்குள் செத்துவிடுகிறான். அவனைத் தடுக்க எதற்காகக் கற்றுக்கொள்வது? விளையாட்டு தரும் பணிகளைக் குவெஸ்ட் குவெஸ்ட்டாக முடித்துவிட்டு ஒருவர் வெட்டரன் டன்ஜியன் என்ற கடினமான குழுச்சண்டைக் களத்துக்குள் நுழைகிறார். முதல் பாஸின், அதாவது அங்குள்ள முதல் பெரிய எதிரியின், முதல் ஓங்கலிலேயே விழுகிறார். முன்பின் தெரியாதவர்களிடம் திட்டு வாங்குகிறார். நான் எழுப்பி எழுப்பி விட்டவர்களில் பலர் இப்படிப்பட்டவர்கள்தான். அவர்களுக்குப் பொறுமை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய எதிரிகளைப் பஞ்சாக்கி வைத்திருக்கிறார்கள்.

இதற்கு மருந்தாக எதிரியின் உயிரையும் அடியையும் இத்தனை சதவீதம் கூட்டுங்கள் என்று கேட்பதும் சரியல்ல. வார்கிராஃப்ட்டில் 2016 முதல் உள்ள மிதிக் கீஸ்டோன் டன்ஜியன்களில் லெவல் ஏற ஏற இரண்டும் கூடும். கூடவே எதிரிகளின் போக்கை மாற்றும் நிபந்தனைகளும் வருவதால்தான் அது சலிக்காமல் ஓடுகிறது. எண்ணை மட்டும் கூட்டினால், இரண்டு நிமிடம் செய்த அதே வேலையைப் பத்து நிமிடம் செய்வோம். ஆனாலும் ஒன்று: அடி கொஞ்சமாவது வலிக்கவில்லை என்றால் யாரும் ஆட்டை ஆடாக விட்டுவைக்கமாட்டார்கள், மொத்தமாக வெட்டித்தள்ளிவிட்டுப் போவார்கள்.

உங்கள் பகுதியில் விளையாட்டு விமர்சனம் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடினம், எளிது என்று மதிப்பெண் போடுவதோடு நிறுத்தாமல், எதிரி என்ன செய்கிறான், அதற்கு ஆடுபவர் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள், அதுவும் முதல் பத்து லெவலுக்குள். பெரிய குழுவாகச் சேர்ந்து ஆடும் கடைசி ரெய்டைப் பற்றி எழுத ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அந்த முதல் பத்து லெவலில் ஹீலருக்கு வேலை இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொன்னால், வாங்குவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்துகொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி