சபாக்காரர்களே, ஒரு கச்சேரியாவது மைக் இல்லாமல்

சென்னை சபாக்களின் செயலாளர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் சீசனுக்குப் பட்டியல் போடுமுன் ஒரு கோரிக்கை.

லட்சக்கணக்கில் செலவழித்து ஆடியோ சிஸ்டம் வாங்குகிற கிறுக்கர்களில் நானும் ஒருவன். ஒரு ஸ்பீக்கர் நிஜத்தைச் சொல்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? 1973-இல் அமெரிக்காவில் ‘தி அப்சல்யூட் சவுண்ட்’ இதழைத் தொடங்கிய ஹாரி பியர்சன் வைத்த உரைகல், மின்பெருக்கம் இல்லாமல் ஓர் அரங்கில் நேரே ஒலிக்கும் இசை. சரி, அதை நாங்கள் எங்கே போய்க் கேட்பது?

உங்கள் மேடையில் வயலின் உடம்பிலேயே, அதிர்வை நேரே மின்சாரமாக்கும் பிக்கப் ஒட்டியிருக்கிறது. மிருதங்கத்தின் தொப்பிக்கு, அதாவது இடப்பக்கத்துக்கு, ஒரு சாண் தூரத்தில் மைக். ரவை அப்பிய தோலை இடது கை அழுத்தும்போது குழைந்து எழவேண்டிய கும்கி என்ற ஆழ்ந்த நாதம், நெஞ்சில் வந்து இடிக்கிறது. பாடகர் சவுண்ட்காரரைப் பார்த்து விரலை மேலே காட்டுகிறார். அடுத்த உருப்படியில் வயலின்காரரும் காட்டுகிறார். வலந்தலையின், அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கத்தின், நடுவில் பூசிய கருப்புச் சாந்தான கரணையால்தான் அதன் மேல்சுரங்கள் (அடிநாதத்தோடு சேர்ந்து எழும் உப ஒலிகள்) ஒழுங்காக அமைகின்றன என்று சி.வி. ராமன் 1920-லேயே எழுதினார். நாமோ பேஸை ஏற்றி அதை மூழ்கடிக்கிறோம்.

வீட்டுக் கருவிகளைப் பற்றி என் கணிப்பு இது: தனிக்குரலும் வீணையும் நிஜத்துக்கு வெகு அருகில் வந்துவிட்டன. மிருதங்கத்தின் முழு அடி இன்னும் வரவில்லை. வீட்டு ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை அதைச் சுருக்கித்தான் தருகின்றன. ஆனால் சபா மிக்ஸரிலிருந்து எடுத்த ஒலிப்பதிவைப் போட்டால், சிஸ்டம் எவ்வளவு உசத்தியோ அவ்வளவு தெளிவாகப் பிக்கப்தான் கேட்கிறது. அதற்கு ஸ்பீக்கரைத் திட்டி என்ன பயன்?

ஆகவே, இருநூறு பேர் உட்காரும் சின்ன ஹாலில் ஒரே ஒரு கச்சேரி, மைக் இல்லாமல். ஏசி இரைச்சலையும் கொஞ்சம் அடக்குங்கள். நிஜத் தம்பூரா இருக்கட்டும். பதிவுக்கு மட்டும், ரசிகர் உட்காரும் இடத்தில் இரண்டு மைக் வையுங்கள். அந்தப் பதிவை வைத்து எங்கள் கருவிகளை நாங்கள் சோதித்துக்கொள்கிறோம்.

பின்வரிசைக்குக் கேட்காது என்பீர்கள். முதல் கால் மணி நேரம் அப்படித்தான் தோன்றும், அப்புறம் காது பழகிவிடும். பாட்டுக்குத் தக்கபடி மிருதங்கக்காரரும் கையைத் தணித்துக்கொள்வார். மாலை ஸ்லாட் தர மனமில்லையென்றால், கூட்டமெல்லாம் கேண்டீனில் இருக்கும் மதிய ஸ்லாட்டே போதும்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்