லீவு நாளில் ரூமுக்குள் கிடக்காதே

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மா, லாத்தா, பிள்ளைகள் எல்லோரும் நலம். கீழக்கரையில் மழை விட்டு விட்டுப் பெய்கிறது.

போன வாரம் பேசும்போது லீவு அன்று என்ன செய்தாய் என்று கேட்டேன். "தூங்கினேன் வாப்பா, போன் பார்த்தேன். இந்தப் பாலைவனத்தில் ஷாப்பிங் மாலை விட்டால் வேற என்ன இருக்கு?" என்றாய். அன்றிலிருந்து அது மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2025 மார்ச்சில் சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டத்தில் இந்தியா நியூசிலாந்தை ஜெயித்தது நீ இருக்கிற துபாயில்தான். அதையும் தேரா ஏரியாவில் உன் ரூம் கட்டிலில் படுத்துப் போனில்தான் பார்த்திருக்கிறாய். டிக்கெட் கிடைக்கவில்லை என்றால் சரி. நீ விசாரிக்கவே இல்லை.

நான் அங்கே சபுராளியாக, பிழைக்கப் போனவனாக இருந்தபோது எங்கள் ரூமில் எட்டுப் பேர். வேலை முடிந்தால் உடம்பு அடித்துப் போட்ட மாதிரிதான் இருக்கும். ஆனாலும் ஷார்ஜாவில் இந்தியா ஆடுகிறது என்றால் விடமாட்டோம். 1998 ஏப்ரல் 22, ஆஸ்திரேலியாவோடு ஆட்டம். நடுவில் புழுதிக் காற்று எழும்பிவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் மைதானமே மஞ்சளாகப் போயிற்று, பல்லுக்குள் மணல் நறநறக்கிறது. முன் வரிசையில் ஒரு மலையாளி தன் மகனைச் சட்டைக்குள் இழுத்து மூடிக்கொண்டார். காற்று அடங்கியதும் 46 ஓவரில் 276 என்று இலக்கை மாற்றினார்கள். சச்சின் 143 அடித்தார். ஆட்டத்தில் தோற்றோம், ஆனால் இறுதி ஆட்டத்துக்குப் போகத் தேவையான ரன் வந்துவிட்டது. முன்பின் தெரியாத ஆள்களெல்லாம் கட்டிப் பிடித்துக்கொண்டோம். இரண்டு நாள் கழித்து, தன் 25-வது பிறந்த நாளில், 134 அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அந்தச் சந்தோஷம் அடுத்த லீவில் ஊருக்கு வருகிறவரை எனக்குத் தாங்கியது. உனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

வெயிலைச் சொல்லாதே. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது என்று அந்த நாட்டில் சட்டமே உண்டு. அந்த மாதங்களில் நீ ரூமில் இரு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது நவம்பர். மார்ச் வரைக்கும் அந்த ஊர்க் காலை நேரத்துக்கு ஈடு கிடையாது.

ஒட்டகப் பந்தயத்துக்குப் போ. அல் அய்ன் ரோட்டில் அல் மர்மூம் டிராக் இருக்கிறது, பார்க்கக் காசு வாங்கமாட்டார்கள். ஒரு காலத்தில் ஒட்டகத்தின் முதுகில் சின்னப் பிள்ளைகளை ஏற்றி ஓட்டினார்கள். பாகிஸ்தான், வங்காளதேசம், சூடான் பக்கத்துப் பிள்ளைகள். எடை ஏறிவிடக் கூடாதென்று வயிறாரச் சோறு போடமாட்டார்கள். கேள்விப்பட்டபோதே எனக்கு ஆறவில்லை. அந்தப் பக்கமே நான் போகவில்லை. 2005-ல் 18 வயதுக்கு உட்பட்டவர்களை ஏற்றக் கூடாது என்று சட்டம் வந்தது. யுனிசெஃப் துணையோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை அவரவர் நாட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் போய்ப் பார்த்தேன். இப்போது முதுகில் உட்காருவது சின்ன ரோபோ. அதற்கும் கலர் சட்டை மாட்டிவிடுகிறார்கள், கையில் சாட்டை சுழல்கிறது. ஒட்டகக்காரர்கள் டிராக்கை ஒட்டியே வண்டியில் விரட்டிக்கொண்டு வாக்கிடாக்கியில் கத்துகிறார்கள். ரோபோவில் இருக்கிற ஸ்பீக்கர் வழியாக எசமான் குரல் ஒட்டகத்துக்குக் கேட்கும். நம் பக்கத்தில் மாட்டு வண்டிப் பந்தயத்துக்குப் பின்னாலேயே பைக்கில் பறப்பார்களே, அந்த வெறி அப்படியே அங்கேயும் இருக்கிறது.

அதைவிட உனக்கென்றே நடப்பது மாதிரி ஒன்று உண்டு. அல் கஃபால் என்று வெயில் காலம் தொடங்கும்போது ஒரு பாய்க்கப்பல் போட்டி. சர் பூ நாயர் தீவிலிருந்து துபாய்க் கரைக்கு, ஐம்பது கடல் மைலுக்கு மேல், அறுபது அடி மரக்கப்பல்கள் பாய் விரித்து வரும். 1991-லிருந்து நடக்கிறது. முத்துக் குளிக்கப் போனவர்கள் பருவம் முடிந்து வீடு திரும்பிய வழி அது. 1930-களில் ஜப்பான்காரன் வளர்ப்பு முத்தைக் கொண்டுவந்ததும் அவர்கள் தொழில் படுத்துவிட்டது, ஆனாலும் வழியை மறக்கவில்லை. என் வாப்பா மூச்சை அடக்கி முங்கிச் சங்கு குளித்தவர். அந்தக் கப்பல்களைப் பார்க்கும்போது நமக்கு வேற்று ஊராகத் தோன்றாது. மோர்ப்பண்ணையில் பாய்மரப் படகுப் போட்டி பார்க்க உன்னை பைக்கில் கூட்டிப்போனது நினைவிருக்கும். காற்று ஒரு பக்கம் அமுக்க, எதிர்ப்பக்கம் பலகையில் ஏறி உடம்பைச் சாய்த்துப் படகைக் கவிழாமல் பிடித்தார்களே, அவர்களைப் பார்த்துத் தொண்டை கட்டுகிற மட்டும் கத்தினாய். அந்தப் பையன் இப்போது எங்கே போனான்?

பறவை பார்க்க வேண்டுமானால் ஊருக்குள் புகுந்திருக்கிற கடல் கழி, அந்த கிரீக் முடிகிற இடத்தில் ராஸ் அல் கோர் சரணாலயம். தனுஷ்கோடியில் பார்த்தோமே பூநாரை, அங்கேயும் குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக நிற்கும். சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் அல் குத்ராவில் பாலைவனத்துக்கு நடுவே எண்பது கிலோமீட்டருக்கு மேல் தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். இதெல்லாம் வேண்டாமா, ரூமுக்குப் பக்கத்துக் காலி மனையில் நம்மாட்கள் டேப் சுற்றிய பந்தில் ஆடுவார்கள், போய் நாலு ஓவர் போட்டுவிட்டு வா. உடம்பு வேர்த்தால் தூக்கம் தானாக வரும்.

மர்மூமுக்குப் பஸ்ஸை நம்பாதே. உன் ரூமில் இருக்கிற பரமக்குடித் தம்பியிடம் கார் இருக்கிறது அல்லவா, அவனையும் சேர்த்துக்கொள். விடிகாலை சுபுஹு தொழுத கையோடு கிளம்புங்கள், வெயில் ஏறுவதற்குள் முக்கியமான ஓட்டமெல்லாம் முடிந்துவிடும். காலையில் குளிரும், ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

அடுத்த வாரம் நம் தெருவிலிருந்து ஒருவர் துபாய் வருகிறார். உம்மா உனக்குப் பிடித்த இனிப்பு, தொதல் கிண்டிக் கொடுத்தனுப்புகிறாள், இரண்டு டப்பா. ஒன்று அந்தத் தம்பிக்கு.

இப்படிக்கு,
வாப்பா