எங்கள் சம்பளத்தையும் எழுதச் சொன்னவர்களுக்கு

இரவு வேலை பார்ப்பவர்களின் கதைகளை வைத்து நாங்கள் இருவர் செய்த கதைசொல்லல் நிகழ்ச்சி ஒருவழியாக நடந்து முடிந்தது. உடனே நன்றி எழுதியிருக்க வேண்டும், தூங்கிவிட்டோம்.

முதலில், இந்த நிகழ்ச்சிக்கு நல்கை (நிதியுதவி) கொடுத்த குழுவினருக்கு. நீங்கள் கொடுத்தது சிறிய தொகைதான், அதை நீங்களே சொன்னீர்கள். 2009இல் பாஸ்டனில் தொடங்கிய ஆசம் ஃபவுண்டேஷனில் பத்துப் பேர் தலா 100 டாலர் போட்டு, மாதம் ஒருவருக்கு 1000 டாலர் கொடுக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் சின்னதாகக் கேட்கலாம் என்ற தைரியமே எங்களுக்கு வந்தது. அப்போதும் விண்ணப்பத்தில் மைக், பயணம், அரங்க வாடகை எல்லாம் எழுதிவிட்டு எங்களுக்கென்று ஒன்றும் போடவில்லை. உங்களில் ஒருவர் போன் செய்து, "உங்க ரெண்டு பேர் சம்பளம் எங்கே?" என்றார். பரவாயில்லை என்றோம். "அப்படின்னா இதை வாங்கிக்க மாட்டோம், திருத்தி அனுப்புங்க" என்றார். இரண்டு மைக்கில் ஒன்றை வெட்டித்தான் அதற்கு இடம் பண்ணினோம். கதைசொல்லிக்குப் பெரிய செலவு நேரம்தான். கேட்க வேண்டும், கேட்டதை ஊறப்போட வேண்டும், அப்புறம் வாய்க்கு வரும்வரை சொல்லிச் சொல்லிப் பார்க்க வேண்டும். இதற்கு எந்தக் கடையிலும் ரசீது தரமாட்டார்கள்.

இன்னொன்று. விண்ணப்பத்தில் நாங்கள் எழுதிக் கொடுத்தது பாட்காஸ்ட். ரெக்கார்டரைப் பார்த்ததும் எல்லோரும் பேட்டி கொடுப்பதுபோலப் பேசினார்கள், அதை அணைத்த பிறகுதான் கதையே வந்தது. அதனால் பாட்காஸ்ட்டுக்குப் பதிலாக மேடையில் நேரடியாகச் சொல்கிறோம் என்று உங்களுக்குப் பயந்து பயந்து ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினோம். "சரி, செய்யுங்கள். செலவுக் கணக்கு மாறினால் மட்டும் தெரிவியுங்கள்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. முன்பு வேறோர் இடத்தில், உயிர் போய்விட்ட ஒரு திட்டத்தை அறிக்கைக்காகவே இழுத்து முடித்தவர்கள் நாங்கள். அதனால் அந்த ஒரு வரியின் மதிப்பு தெரியும்.

பதிவான ஒன்பது மணி நேரத்தையும் தட்டச்சு செய்த நண்பனுக்கு நன்றி. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க நாலு மணி நேரமாவது ஆகும், அதுவும் பேச்சு தெளிவாக இருந்தால். பேச்சோடு விடாமல் அவன் அடைப்புக்குறிக்குள் எழுதி வைத்திருந்தான்: (நீண்ட மௌனம். தூரத்தில் லிஃப்ட் கதவு.) (இருமல். திரும்பவும் முதலிலிருந்து.) நிகழ்ச்சியில் எங்கே நிறுத்த வேண்டும், எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும் என்பதை இந்த அடைப்புக்குறிகளிலிருந்துதான் எடுத்தோம். அவன் கேட்ட கூலி குறைவு, கொடுத்ததும் குறைவுதான்.

கதை கொடுத்த செவிலியர்களுக்கும் காவலாளிகளுக்கும் ஆம்புலன்ஸ் அழைப்பை எடுப்பவருக்கும் பெயர் சொல்லி நன்றி சொல்ல முடியாது, பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். எப்போது வேண்டுமானாலும் கதையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தோம். ஒருவர் நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால் வாங்கிக்கொண்டார். நல்ல கதை. அன்று ராத்திரி அவரைத் திட்டினோம், உண்மையை மறைப்பானேன். காலையில் அந்தக் கதையை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டோம். ஒப்பந்தப்படி அவருக்கும் பணம் போய்விட்டது.

கணக்கு இந்த வாரம் வந்து சேரும். மைக் எங்களிடம் சும்மாதான் இருக்கிறது, அடுத்து நல்கை கிடைத்தவர்கள் கேட்டால் தருகிறோம். ஒயர் மட்டும் கொஞ்சம் லூஸ், அடியில் பிடித்துக்கொண்டு பேச வேண்டும்.