பிரேக்கைப் பற்றிப் பேசுவோம்: தானியங்கி வாகன நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தானாக ஓடும் கார்களுக்கு நெறிமுறை வகுக்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் கூட்டங்கள் எதிலும் நான் உட்கார்ந்ததில்லை. ஆனால் இந்த விஷயத்தில் வெளிவருவதை விடாமல் படிக்கிறேன். பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே தத்துவவாதிகளின் அந்த டிராம் புதிர் வந்துவிடுகிறது. நிறுத்த முடியாத வண்டி, ஒரு தடத்தில் ஐந்து பேர், இன்னொன்றில் ஒருவர், எந்தப் பக்கம் திருப்புவீர்கள்? டிராமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காரை வைத்தால் வேலை தொடங்கிவிட்டது என்று நினைக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

தத்துவவாதி பிலிப்பா ஃபுட் 1967-இல் அந்த டிராமைக் கொண்டுவந்தது வண்டி ஓட்டுபவர்களுக்குப் புத்தி சொல்ல அல்ல. கருக்கலைப்பு விவாதத்தில், தீங்கு செய்வதும் உதவாமல் விடுவதும் ஒன்றுதானா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு ஓர் எடுத்துக்காட்டு தேவைப்பட்டது, அவ்வளவுதான். அதை வளர்த்தெடுத்த ஜூடித் ஜார்விஸ் தாம்சன், வெளியே நிற்கும் ஒருவர் தடத்தை மாற்றலாம் என்று 1985-இல் எழுதினார். 2008-இல், மாற்றக் கூடாது என்று தன் முடிவையே திருப்பிக்கொண்டார். இடையில் 23 ஆண்டுகள். அவரையே இவ்வளவு அலைக்கழித்த கேள்வியைத் தானியங்கி காருக்கு மாற்றி, அது யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆய்வாளர்கள் சிலர் இணையத்தில் மக்களிடம் சில நொடிகளில் விடை கேட்டார்கள். முதியவரா குழந்தையா, நிறுவன அதிகாரியா வீடற்றவரா என்று சுமார் 4 கோடி முடிவுகள் சேர்ந்தன. 2018-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. மக்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு அது நல்ல ஆவணம். எது சரி என்பதற்கு அது சாட்சி ஆகாது. ஜெர்மனி அரசு அமைத்த குழு 2017-லேயே, தவிர்க்க முடியாத விபத்தில் வயது, பாலினம், உடல்நிலை பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டது. அதை மனதார வரவேற்கிறேன்.

சரி, நிஜத்தில் என்ன நடந்தது? 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் டெம்பி நகரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணைச் சோதனை ஓட்டத்தில் இருந்த தானியங்கி கார் மோதிக் கொன்றது. அங்கே ஐந்து பேரும் இல்லை, இன்னொரு தடமும் இல்லை. மோதலுக்கு ஐந்தரை நொடிக்கு முன்பே ரேடார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் மென்பொருள் அவரை வாகனம் என்றது, ஏதோ பொருள் என்றது, சைக்கிள் என்றது. ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் அவர் எங்கிருந்து வருகிறார் என்பதை மறந்துபோனது. பாதசாரிகள் கடக்குமிடம் அல்லாத இடத்திலும் ஓர் ஆள் குறுக்கே வரலாம் என்ற எண்ணமே அந்த வடிவமைப்பில் இல்லை. அப்புறம் இன்னொன்று: பொய் எச்சரிக்கைக்கெல்லாம் வண்டி வெடுக்கென்று நிற்கக் கூடாது என்பதற்காக, ஆபத்து தெரிந்த பிறகும் ஒரு நொடி காத்திருக்கும்படி அமைத்திருந்தார்கள்.

அந்த ஒரு நொடியை யாரோ ஒருவர் தீர்மானித்தார். உள்ளே இருப்பவர் குலுங்காமல் போவதற்காக வெளியே நடப்பவர் எவ்வளவு ஆபத்தைச் சுமக்கலாம் என்பதுதான் அந்தத் தீர்மானம். என்னைக் கேட்டால் அறவியல் கேள்வி அதுதான். அதை எழுதியவர்கள் அதை மென்பொருளில் இடும் ஓர் எண்ணாக மட்டுமே பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். கடைசியில் குற்ற வழக்கு வந்தது தேவைப்பட்டால் தலையிடுவதற்காக அந்தக் காரில் இருந்தும் சாலையைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்த ஓட்டுநர் ஒருவர் மீது மட்டுமே. அவர் தவறு செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஒரு நொடிக்குப் பொறுப்பு அவருடையதா?

தவிர்க்க முடியாத தருணங்களும் வரத்தானே செய்யும் என்பீர்கள். வரும், அபூர்வமாக. அதைவிடச் சாதாரணமான ஒன்றைப் பாருங்கள். ஒரு பக்கம் லாரி, மறுபக்கம் சைக்கிள், நடுவில் உங்கள் கார். லாரியிலிருந்து ஒரு சாண் விலகினால் சைக்கிளை ஒரு சாண் நெருங்குகிறது. ஒரு பயணத்தில் ஒன்றும் ஆகாது. கோடிக்கணக்கான பயணங்களில் அந்தச் சாண் சில சைக்கிள்காரர்களின் உயிராக மாறும். அவர்கள் யார் என்று முன்கூட்டி எவருக்கும் தெரியாது என்பதாலேயே இதில் யாருக்கும் குற்ற உணர்வு வருவதில்லை. காரை வாங்குபவர் பாதுகாப்புக்குக் காசு கொடுக்கிறார், சைக்கிளில் போகிறவர் இந்த பேரத்திலேயே இல்லை. அவர் சார்பில் பேச உங்கள் குழுவில் யார் இருக்கிறார்கள்?

அதனால் நான் கேட்பது இதுதான். உங்கள் அடுத்த ஆவணத்தில் டிராமுக்கு ஒதுக்கும் பக்கங்களை இதற்குக் கொடுங்கள்: பிரேக் போடும் முன் வண்டி எவ்வளவு நேரம் தயங்கும், சைக்கிளிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகும், இந்த எண்களை எந்தப் பதவியில் இருப்பவர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். சாலையில் நடக்கிறவர்களும் படிக்கும்படியான மொழியில் அதை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பெரும்பாலும் நடந்தே போகிற ஒருவன்