படம் போடுவதற்கு முன் ஒரு கேள்வி

அன்புள்ள கல்பனா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டார். சின்னவன் ஒன்பதாவது வந்துவிட்டான், உன்னைவிட உயரம். ரெங்காவின் மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்ததாம், கேள்விப்பட்டிருப்பாய். குடும்பச் செய்தி இவ்வளவுதான்.

உங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது என்று நீ எழுதியதைப் படித்ததும் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஆனால் அதற்கு அடுத்த வரி! "இனிமேல் வீடியோ போட்டுவிட்டால் போதும், என் தொண்டை பிழைக்கும்" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து உனக்குப் பதில் எழுதக் கை பரபரத்துக்கொண்டே இருக்கிறது. போனில் சொன்னால் நடுவில் புகுந்து உன் கதையை ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டுப் பேசு.

போன வாரம் பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஓம் விதி முடிந்து, தொடரிணைப்பு, பக்க இணைப்பு, தொகுபயன் மின்தடைக் கணக்கு எல்லாம் ஆயிற்று. கணக்கில் பிள்ளைகள் புலி. எந்த எண்ணைக் கொடுத்தாலும் சூத்திரத்தில் போட்டு விடையைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் ஒரு சின்னக் கேள்வி கேட்டேன். ஒரு மின்கலம், ஒரே மாதிரி இரண்டு பல்பு, தொடராக இணைத்திருக்கிறோம். எந்தப் பல்பு அதிகமாக எரியும்? ஏ: நேர்முனைக்குப் பக்கத்தில் இருப்பது. பி: எதிர்முனைக்குப் பக்கத்தில் இருப்பது. சி: இரண்டும் ஒரே அளவு. டி: இரண்டுமே எரியாது.

கையைத் தூக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். எல்லோரும் முதல் பெஞ்சைப் பார்த்துவிட்டு, முதல் பெஞ்ச் தூக்குகிற கையைத்தான் தூக்குவார்கள். அதற்குத்தான் பிளிக்கர்ஸ் அட்டை. நீ இதைப் பார்த்திருக்கமாட்டாய் என்று நினைக்கிறேன், கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். அவர்கள் தளத்திலிருந்து இலவசமாக அச்சடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அட்டையிலும் கருப்பு வெள்ளைக் கட்டங்களால் ஆன ஒரு குறி, ஓரத்தில் ஓர் எண். அந்த எண்ணில் ஒரு பிள்ளையின் பெயரை ஏற்றி வைத்துக்கொள்கிறோம். அட்டையின் நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. எந்தப் பக்கத்தை மேலே வைத்துப் பிடிக்கிறார்களோ அதுதான் பதில். அந்த எழுத்துகள் மிகச் சிறியவை, பக்கத்தில் இருப்பவள் எட்டிப் பார்த்தாலும் தெரியாது, ஒவ்வொருவர் குறியும் வேறு வேறு. நான் முன்னால் நின்று போன் கேமராவை வகுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகக் காட்டினால் போதும், ஒவ்வொரு பெயருக்கும் பதில் பதிவாகிவிடும். பிள்ளைகள் கையில் ஒரு கருவியும் தேவையில்லை. மொத்த வகுப்புக்கும் என் ஒரு போன், என் ஒரு நெட்.

பாதிக்கு மேல் 'ஏ', கல்பனா! திரையில் அந்தப் பட்டை ஏறி நின்றதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். முதல் மதிப்பெண் வாங்குகிற பெண்ணும் 'ஏ'தான். "முதல் பல்பு கொஞ்சம் கரண்டை எடுத்துக்கும் டீச்சர், மிச்சம்தானே அடுத்ததுக்குப் போகும்?" என்கிறாள். இதே பெண் முந்தின நாள் தேர்வில் "தொடரிணைப்பில் மின்னோட்டம் எங்கும் சமம்" என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள்.

ஹார்வர்டில் எரிக் மாசூர் என்ற இயற்பியல் பேராசிரியருக்கும் இதே அனுபவம் நடந்திருக்கிறது. நன்றாகப் பாடம் நடத்துகிறார் என்று பெயர் எடுத்தவர். விசையைப் பற்றி எளிய கேள்விகள் கொண்ட ஒரு தேர்வை வைத்தபோது ஒரு மாணவி எழுந்து, இதற்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதுவதா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதுவதா என்று கேட்டாளாம். அந்தக் கேள்விதான் அவரை மாற்றியது. 1991 முதல் விரிவுரையை நடுநடுவே நிறுத்தி, ஒரு கேள்வி போட்டு, ஒவ்வொருவரும் தனியாகப் பதில் சொன்ன பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் செய்து, மறுபடி கேட்கும் முறையைக் கொண்டுவந்தார். நம் பி.எட். வகுப்பில் இதை யாராவது சொன்னார்களா? நமக்குச் சொன்னதெல்லாம் பாடத்திட்டக் குறிப்பேட்டில் சிவப்பு மையால் கோடு போடுவதைப் பற்றித்தான். அந்த வகுப்பை எடுத்த நம் 'அட்டவணை அம்மா'வை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது எனக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விடையை நான் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவர்களோடு பேசுங்கள் என்றேன். என்ன சத்தம்! அடுத்த வகுப்பிலிருந்து சமூக அறிவியல் சார் எட்டிப் பார்த்தார். "கரண்ட் என்ன இட்லியா, தின்னு தீர்க்க?" என்று ஒருத்தன் கேட்கிறான். எப்போதும் வாயே திறக்காத கடைசி பெஞ்ச் பெண் ஒருத்தி, "வெளிய போற கரண்ட் அதே அளவு திரும்பி வரலைன்னா மீதி எங்க போகுது?" என்று தோழியை மடக்கிக்கொண்டிருந்தாள். மறுபடி அட்டையைத் தூக்கியபோது 'சி' நன்றாக ஏறியிருந்தது.

அதற்குப் பிறகுதான் திரையைத் திறந்தேன். திரையிலேயே செய்து பார்க்கும் பாவனைச் சோதனைகள் (சிமுலேஷன்) உள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளம் உனக்குத் தெரிந்திருக்கலாம். 2001இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் அதற்கு அடுத்த ஆண்டே தொடங்கியது. எல்லாம் இலவசம், சில தமிழிலும் இருக்கின்றன. முக்கியமான விஷயம், ஒவ்வொன்றையும் ஒரே கோப்பாக இறக்கி பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம், வகுப்பில் நெட் போனாலும் ஓடும். அதில் மின்சுற்று கட்டுவதற்கென்று ஒன்று இருக்கிறது. கம்பி, பல்பு, மின்கலத்தை இழுத்துப் போட்டு இணைத்தால், கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக நகரும். ஒரு பல்பு வைத்தோம், புள்ளிகள் ஒரு வேகத்தில் ஓடின. இரண்டாவது பல்பைத் தொடரில் சேர்த்ததும் சுற்று முழுவதும் எல்லாப் புள்ளிகளும் ஒன்றாக வேகம் குறைந்தன. முதல் பல்புக்கு முன்னாலும் அதே வேகம், பின்னாலும் அதே வேகம். அதைப் பார்த்ததும் "ஓ!" என்று ஒரு சத்தம் வந்ததே, அந்தச் சத்தத்துக்காகத்தான் நாம் இந்த வேலைக்கு வந்தோம். ஒரு பையன் திரையிலேயே மின்கலத்தின் இரு முனையையும் வெறும் கம்பியால் இணைத்துத் தீப்பிடிக்க வைத்தான். எனக்கு உன் இஸ்திரிப் பெட்டி ராத்திரி ஞாபகம் வந்துவிட்டது. அதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை, கவலைப்படாதே.

மறுநாள் நிஜ பல்பு. டார்ச் பல்பு இப்போது கிடைப்பதே அரிது, எல்லாம் எல்இடி ஆகிவிட்டது. பெரிய கடைத்தெருவில் ஒரு பழைய எலக்ட்ரிக்கல் கடையில் 2.5 வோல்ட் குண்டு பல்பு கிடைத்தது. இணைத்தோம். இரண்டும் எரிந்தன, ஆனால் ஒன்று கொஞ்சம் அதிகமாக! "நான் சொன்னேன்ல!" என்று 'ஏ' கட்சி குதித்தது. இந்த இடத்தை நீ நேரில் பார்த்திருக்க வேண்டும். என்ன செய்யலாம் என்று அவர்களையே கேட்டேன். கடைசி பெஞ்ச் பெண்தான் சொன்னாள், பல்பை இடம் மாற்றிப் போடலாம் என்று. மாற்றினோம். பிரகாசம் இடத்தோடு நிற்கவில்லை, பல்போடு கூடவே போனது. அப்படியானால் இரண்டு பல்பும் ஒரே மாதிரி இல்லை, அவ்வளவுதான். இதைத் திரை ஒருநாளும் காட்டாது, அதில் எல்லாப் பல்பும் அச்சில் வார்த்தவை. ஆனால் முந்தின நாள் திரையைப் பார்த்திருக்காவிட்டால் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். கொலராடோவிலேயே 2005இல் இப்படி ஓர் ஆய்வு செய்து வெளியிட்டார்கள். திரையில் மின்சுற்று கட்டிப் பழகிய மாணவர்கள், நிஜக் கருவிகளோடு பழகியவர்களைவிட மின்சுற்றை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள், நிஜச் சுற்றைக் கட்டச் சொன்னபோதும் அவர்கள்தான் மேல். நான் இரண்டும் வேண்டும் என்கிற கட்சி. திரை முதலில், பல்பு அடுத்து, இரண்டுக்கும் முன்னால் கேள்வி.

இப்போது உன் வீடியோவுக்கு வருகிறேன். வீடியோ வேண்டாம் என்று சொல்லவில்லை. இதயம் துடிப்பதையும் எரிமலை வெடிப்பதையும் கரும்பலகையில் காட்ட முடியாது. ஆனால் பிள்ளை எதையும் யூகிக்காமல், எதிலும் சிக்கிக்கொள்ளாமல், உட்கார்ந்து பார்க்கிற படம் தலைக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. மோசமான விஷயம், புரிந்துவிட்டது என்ற நிறைவை வேறு கொடுத்துவிட்டுப் போகிறது. என் பிள்ளைகளே கேட்கிறார்கள்: "நீங்களே சொல்லிக் கொடுத்துருங்க டீச்சர், அதுதான் நல்லாப் புரியுது." ஹார்வர்டில் 2019இல் இதையே அளந்து பார்த்திருக்கிறார்கள். நல்ல விரிவுரை கேட்ட மாணவர்கள் நிறையக் கற்றுக்கொண்டதாக உணர்ந்தார்கள், குழுவாகச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்கள் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தேர்வு வைத்தால் மல்லுக்கட்டியவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள். மண்டை குழம்புவது கற்பதன் ஒரு பகுதி என்று பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் தொண்டையும் இதில் தாராளமாகப் பிழைக்கும், பேசுவது அவர்கள்தானே.

நீ கணக்கு டீச்சர், உனக்கு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் இருக்கிறது. மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் சால்ஸ்பர்க்கில் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது. நம் புத்தகத்தில் இணையச் செயல்பாடு என்று அத்தியாயக் கடைசியில் வருகிறதே, நீ தாண்டிப் போகிற அந்தப் பக்கம், அதில் பெரும்பாலும் இதுதான். வரைபடக் கணக்குக்கு எட்டு மதிப்பெண் என்று அட்டவணையை மனப்பாடம் செய்ய வைக்கிறாய் அல்லவா? ஒருநாள் மட்டும் இப்படிச் செய்து பார். எக்ஸ் வர்க்கம் கழித்தல் 4 எக்ஸ் கூட்டல் சி. அந்த 'சி'க்கு ஒரு நழுவல் (இழுத்து மதிப்பை மாற்றும் ஸ்லைடர்) வை. 3இல் நிறுத்து. பரவளையம் எக்ஸ் அச்சை 1லும் 3லும் வெட்டும். இப்போது நழுவலைத் தொடாதே! 4 ஆக்கினால் என்ன ஆகும், 5 ஆக்கினால் என்ன ஆகும் என்று முதலில் கேள், அட்டையைத் தூக்கச் சொல். அப்புறம் மெதுவாக நகர்த்து. இரண்டு வெட்டுப்புள்ளியும் ஒன்றையொன்று நெருங்கி 2இல் ஒன்றாகிவிடும், அதற்குமேல் வளைவு அச்சை விட்டு எழும்பிவிடும். மெய் மூலங்கள் இல்லை என்று நீ பல வருஷமாகப் பலகையில் எழுதுகிறாயே, அது கண்ணுக்கு முன்னால் நடக்கும்.

ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீட்டுப்பாடத்தை வாட்ஸாப் குழுவில் லிங்காகப் போடும் வழக்கம் வேகமாகப் பரவிவருகிறது. லிங்க் போட்டாயிற்று, பாடம் நடத்தியாயிற்று என்று ஆகிவிடுகிறது. நான் சொன்னேனே, அந்தக் கடைசி பெஞ்ச் பெண், அவள் வீட்டில் ஒரே போன். அப்பா சென்ட்ரிங் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். ராத்திரி திரும்பியதும் அது அண்ணன் கைக்குப் போகும். இவள் கைக்கு வரும்போது அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். கொரோனா சமயத்தில் கல்வித் தொலைக்காட்சி கொஞ்சமாவது கைகொடுத்தது என்றால், டிவி வீட்டில் எல்லோருக்கும் பொது என்பதால்தான். போன் அப்படி இல்லை. அது ஒருவர் சட்டைப் பையில் இருக்கிறது, அந்தச் சட்டை பெரும்பாலும் ஆணின் சட்டை. பாடப்புத்தகத்தில் 2018 முதல் க்யூஆர் குறியீடு இருக்கிறது, அருமையான ஏற்பாடு. ஆனால் அதை ஸ்கேன் செய்யக் கையில் போன் இருக்கிற பிள்ளைக்குத்தான் அது பாடம், மற்றவளுக்கு வெறும் கருப்புக் கட்டம். மல்லுக்கட்டி யோசிக்கத் தெரிந்த ஒரு பெண் லிங்க் திறக்கவில்லை என்பதற்காக 'ஆர்வமில்லாதவள்' என்று பெயர் வாங்குகிறாளே, அது எனக்குப் பொறுக்கவே இல்லை.

அதனால் என் வகுப்பில் ஒரே விதி. நெட் வேண்டிய எதுவும் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நடக்க வேண்டும், வீட்டுக்குப் பேப்பரும் பென்சிலும் மட்டும். மாலையில் டவுன் பஸ் வரும்வரை கம்ப்யூட்டர் அறையைத் திறந்து வைக்கத் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றிருக்கிறார். விடமாட்டேன்.

நீயும் உங்கள் பள்ளியில் இதைப் பேசு, கல்பனா. உனக்குக் குரல் இருக்கிறது, கூட்டத்தில் எழுந்து பேசப் பயப்படாதவள் நீ. போர்டு வந்த புதிதில் என்ன பழக்கம் விழுகிறதோ அதுதான் நிலைக்கும்.

பொங்கல் விடுமுறையில் இரண்டு நாளாவது இங்கே வந்து தங்கு. ரெங்காவையும் இழுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
தேன்மொழி

பி.கு.: ஒரு வகுப்புக்கான அட்டைகளைக் கூரியரில் அனுப்புகிறேன். லேமினேஷன் செய்வதானால் பளபளப்பு வேண்டாம், வெளிச்சம் பட்டால் கேமராவுக்குக் குறி தெரியாது. விரலால் கட்டங்களை மறைக்காமல் ஓரத்தைப் பிடிக்கப் பிள்ளைகளிடம் சொல். சி-யை நகர்த்துவதற்கு முன் எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்று எனக்குக் கட்டாயம் எழுது.