உண்டியல் கோயிலுக்கு, மேளம் உபயகாரருக்கு

பாரிஸ்
14.12.2025

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் சத்திர சிகிச்சைக்குப் பிறகு நீர் மீண்டும் படலைவரை நடக்கத் தொடங்கிவிட்டீர் என்று வாசித்தபோது மனம் ஆறியது. பேரனோடு இருந்து டூர் டி பிரான்ஸ் சைக்கிளோட்டம் பார்த்த கதையையும், "இந்த அணிகளுக்கு ஏன் ஷம்பூ, ஒட்டுப்பசை, சுப்பர் மார்க்கெட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், இவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார், தொலைக்காட்சிப் பணத்தில் இவர்களுக்கு எவ்வளவு?" என்று அவன் அடுக்கிய கேள்விகளுக்கு நீர் விழித்ததையும் எழுதியிருந்தீர். கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே விடை சொல்லிவிடலாம்: ஏறக்குறைய ஒன்றுமில்லை.

நம் ஊர்த் திருவிழாவை நினைத்துப் பாரும். மேளக்காரருக்குக் காசு கொடுப்பவர் அன்றைய உபயகாரர், உண்டியல் கோயிலுக்கு. சனம் மேளத்தைக் கேட்கத்தான் வந்தது என்பதற்காக மேளக்காரர் உண்டியலில் பங்கு கேட்க முடியாது. சைக்கிளோட்ட அணிகளின் நிலையும் இதுதான். டூர் டி பிரான்ஸின் உரிமை ஏ.எஸ்.ஓ. என்ற தனியார் நிறுவனத்திடம் இருக்கிறது. பாரிஸ்–ரூபே போட்டியும் ஸ்பெயினின் வுவெல்டாவும்கூட அதனுடையவையே. இத்தாலியின் ஜிரோ ஆர்.சி.எஸ். நிறுவனத்தினுடையது. ஒளிபரப்பு உரிமையை விற்பவர்களும், ஒவ்வொரு நாள் ஓட்டமும் (கட்டம்) தொடங்கவும் முடியவும் தங்கள் ஊரைத் தேர்ந்தெடுக்கக் கேட்கும் நகரசபைகளிடம் கட்டணம் வாங்குபவர்களும் இந்த அமைப்பாளர்களே. டூரில் ஓடும் அணிக்குப் பங்கேற்புப் பணமாகக் கிடைப்பது ஏறத்தாழ 50,000 யூரோ. மூன்று வாரம் மலையேறி முதலிடம் பெறுபவருக்குப் பரிசு 5 இலட்சம் யூரோ. அதையும் அவர் தம் அணித்தோழருக்கும் உதவியாளருக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவது வழக்கம். உலகச் சுற்று என்ற மேல்மட்டத்தில் ஓடும் 18 ஆண்கள் அணிகளுடைய ஆண்டுச் செலவைக் கூட்டினால் 50 கோடி யூரோவைத் தாண்டும். அந்தத் தொகைக்கு முன்னால் இதெல்லாம் தேநீர்ச் செலவு.

ஆக, பெரும்பங்கு அனுசரணையாளரின் பையிலிருந்துதான் வரவேண்டும். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் லொத்தர் நிறுவனங்கள் பல ஆண்டுகளாக அணி வைத்திருக்கின்றன. எமிரேட்ஸ், பஹ்ரைன் போன்ற நாடுகள் தங்கள் பெயரையே ஜெர்சியில் எழுதிவிட்டன. சைக்கிளோடு தொடர்பில்லாத வணிகப் பெயரை 1954-ல் துணிந்து மார்பில் குத்திக்கொண்டவர் இத்தாலிய வீரர் ஃபியோரென்சோ மாக்னி. அந்தப் பெயர் நிவியா. முகத்துக்குப் பூசும் கிரீமின் பெயரோடு முரட்டு ஆம்பிளைகள் மலையேறியதைக் கேலி செய்தவர்கள் இருந்திருப்பார்கள், ஆனால் அன்று அவர் திறந்த வழியில்தான் இன்றுவரை எல்லோரும் போகிறார்கள்.

இந்தப் போட்டிகள் பிறந்ததே பத்திரிகை விற்பதற்காக என்பதையும் பேரனுக்குச் சொல்லும். 1903-ல் டூரைத் தொடங்கியது 'லோட்டோ' (L'Auto) என்ற விளையாட்டு நாளிதழ். அது மஞ்சள் தாளில் அச்சானது, போட்டியில் முன்னணியில் நிற்பவர் அணியும் ஜெர்சியும் மஞ்சள். 1930-ல் அதன் ஆசிரியர் தெக்ராஞ்ச், கம்பனி அணிகளின் சூழ்ச்சிகளால் வெறுத்துப்போய், தேசிய அணிகளைக் கொண்டுவந்தார். அதனால் வீரர்களின் செலவு அவர் தலையிலேயே விழுந்தது. அந்தச் செலவைச் சமாளிக்கக் கண்டுபிடித்ததுதான் வீரர்களுக்கு முன்னால் போகும் விளம்பர வண்டி ஊர்வலம். சில ஆண்டுகளுக்கு முன் நோர்மண்டியில் ஒரு சிற்றூரின் தெருவோரம் நின்று அதைப் பார்த்தேன். வண்டிகளிலிருந்து தொப்பி, சாவி வளையம், சிறு பொதி இறைச்சி என்று எறிந்துகொண்டே போனார்கள். எழுபது வயது மதாம் ஒருத்தி என் கைக்கு வந்த தொப்பியைப் பறித்துக்கொண்டு சிரித்தாள். அதன்பின் நெடுநேரம் காத்திருந்தோம். வீரர்கள் வந்து கடந்துபோக அரை நிமிடம்கூட எடுக்கவில்லை.

இவ்வருடம் ஜூலை 27 அன்று டூர் இங்கே பாரிஸின் மொன்மார்த்தர் மேட்டுக்கே வந்தது. லா சப்பலில் நம்மவர் கடைகளிலிருந்து நடந்தே போகலாம். மழை. வழுக்கும் கல்பாவிய ஏற்றத்தில் இவ்வருட டூரை வென்ற பொகாச்சாரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு பெல்ஜிய வீரர் வான் ஆர்ட் தனியே போனதைச் சனக்கூட்டத்தின் தோள்களுக்கு மேலால் பார்த்தேன். நுழைவுச்சீட்டு இல்லை, கதவு இல்லை. வீதி எல்லோருடையது என்பதுதான் இந்த விளையாட்டின் அழகு, அதேவேளை அணிகளின் ஏழ்மைக்கும் அதுவே ஒரு காரணம். உதைபந்துக் கழகத்துக்கு மைதானம் இருக்கிறது, வாசலில் சீட்டு விற்கிறது. இங்கிலாந்துப் பிரீமியர் லீக்கில் உள்நாட்டு ஒளிபரப்புப் பணத்தின் பாதி 20 கழகங்களுக்கும் சமமாகப் போகிறது, கடைசியில் நிற்பவருக்கும் அதே அளவு. சைக்கிள் அணிக்குச் சொந்தமென்று சில பேருந்துகளும் ஒரு பெயர்ப்பலகையும், அதுவும் இரவல் பெயர்.

வென்றால் தப்பிவிடலாம் என்று நினைப்பீர். அப்படியும் இல்லை. ஆண்டாண்டாக வெற்றிகளைக் குவித்த எச்.டி.சி.–ஹைரோட் அணி, அதன் வீரர் கவெண்டிஷ் டூரில் புள்ளிப் போட்டிக்கான பச்சை ஜெர்சி வென்ற அதே 2011-ல், அடுத்த அனுசரணையாளர் கிடைக்காமல் கலைந்தது. 2023-ல் டூர், ஜிரோ, வுவெல்டா என்ற மூன்று பெரும் சுற்றுகளையும் ஒரே அணி வென்றது; ஆயினும் அதன் சுப்பர் மார்க்கெட் அனுசரணையாளர் விலக முடிவெடுத்திருந்ததால், அது போட்டி அணியொன்றோடு இணைவது பற்றிப் பேசவேண்டி வந்தது. இவ்வருடம் பிரான்சின் பிரித்தானிப் பகுதி வங்கியொன்றின் பெயரில் ஓடிய ஆர்க்கேயா அணியின் கெவின் வோக்லான் டூரில் ஏழாவதாக வந்தார். அவருடைய அணி இந்த மாதத்தோடு இல்லை. பெல்ஜியத்தில் லொத்தர் நிறுவனத்தின் லொட்டோ அணியும் இன்டர்மார்ஷே அணியும் ஒன்றாகிவிட்டன. இரண்டு அணியின் வீரர்களுக்கும் ஒரே அணியில் இடமிருக்காது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. உலக சைக்கிளோட்டச் சம்மேளனமான யு.சி.ஐ. அணிகளிடம் வங்கி உத்தரவாதம் கேட்பதால் சில மாதச் சம்பளத்துக்குப் பாதுகாப்பு உண்டு, அவ்வளவுதான்.

பங்கு கேட்கும் முயற்சிகளும் நடந்தன. 2014-ல் 11 அணிகள் சேர்ந்து வெலொன் என்ற நிறுவனத்தை அமைத்து, சைக்கிளில் பொருத்திய கமெராப் படங்களை விற்றுப் பார்த்தன. சவூதிப் பணத்தோடு வந்த 'வன் சைக்கிளிங்' என்ற புதிய போட்டித் தொடர்த் திட்டத்தை, இருக்கும் விதிகளோடு பொருந்தாது என்று யு.சி.ஐ. இவ்வருடம் ஜூனில் ஒதுக்கிவிட்டது. நானும் முன்பு ஏ.எஸ்.ஓ.வைப் பேராசைக்காரர் என்றே திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதி இல்லை. ஹெலிகொப்டரும் மோட்டார் சைக்கிள் கமெராவும் வைத்து ஐந்து மணிநேரம் வீதியைப் படம்பிடிப்பது செலவான வேலை. சிறிய போட்டிகள் பலவற்றில் படம்பிடிக்கும் செலவை அமைப்பாளரே ஏற்கவேண்டியிருக்கிறது. டூரின் பணத்தைப் பிரித்தாலும் பணக்கார அணிக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஆர்க்கேயா போன்ற அணிக்கு, அனுசரணையாளர் போன பிறகும் வந்துகொண்டிருக்கும் ஒரு வருமானம், சிறியதென்றாலும், அடுத்தவரைத் தேடும்வரை கதவைத் திறந்து வைத்திருக்க உதவியிருக்கும். தொகையைவிட அந்த நிலையான வரவுக்காகத்தான் அணிகள் வாதாட வேண்டும் என்பது என் எண்ணம்.

நேற்றுக் கடையில் ஆர்க்கேயாவின் ஜெர்சியைப் பாதி விலைக்குத் தொங்கவிட்டிருந்தார்கள். பேரனுக்கு ஒன்று எடுத்தேன். அளவு தெரியாததால் சற்றுப் பெரிதாகவே எடுத்திருக்கிறேன். தைப்பொங்கலுக்கு அங்கு வரும் மருமகனிடம் கொடுத்துவிடுகிறேன். பின்னேரங்களில் கைத்தடியை மறக்காமல் எடுத்துச் செல்லும்.

என்றும் அன்புடன்,
உமது பழைய நண்பன்