நாலு வருசத்துக்கு ஒருக்கா ஒரு நோம்பி

கோவை, ஈரோடு, திருப்பூர், கோபி, பொள்ளாச்சி, கரூர் வட்டாரத்து இசைச் சபாக்களின் செயலாளர்களுக்கும், அவர்களைவிட முக்கியமாகப் பொருளாளர்களுக்கும்,

வணக்கமுங்க.

கோபி பக்கம் பேண்டு செட்டில் முப்பத்தைந்து வருசம் கிளாரினெட் வாசித்தவன் நான். உங்கள் மேடையில் ஏறியதில்லை. ஆனால் உங்கள் உறுப்பினர்கள் பலரை மாப்பிள்ளை அழைப்பில் மண்டபம் வரைக்கும் வாசித்துக் கூட்டிவந்து விட்டிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

என் மகள் வயிற்றுப் பேத்தி 2016 பிப்ரவரி 29-ஆம் தேதி பிறந்தவள். வயலின் கற்கிறாள். 2024-இல் அந்தத் தேதி ஒரு வியாழக்கிழமையில் வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் உங்களில் ஒரு சபாவுக்குப் போய், "அன்னிக்குச் சாயங்காலம் மண்டபம் சும்மாதானுங்க இருக்குது, புள்ளைகளை வெச்சு ஒரு மணி நேரம் கச்சேரி நடத்தலாங்களா?" என்று கேட்டேன். மரியாதையாக உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். அப்புறம் சொன்னார்கள்: "ஏனுங்க, ஒருக்கா ஆரம்பிச்சா வருசா வருசம் நடத்தோணுமல்லங்க? இது நாலு வருசத்துக்கு ஒருக்கா வர்ற தேதி. இதை எப்படிங்க நிரல்ல சேக்கறது?" அன்றைக்கு அந்த மண்டபத்தில் நாற்காலிகளுக்குப் பெயிண்ட் அடித்தார்கள்.

காபி நன்றாகத்தான் இருந்தது. பதில்தான் இறங்கவில்லை.

நம் பக்கத்தில் மூன்று வருசத்துக்கு ஒருக்கா, ஐந்து வருசத்துக்கு ஒருக்கா மாரியாத்தாளுக்கு நோம்பி சாட்டுகிற ஊர்கள் இல்லையா? கோயில் கும்பாபிஷேகம் பன்னிரண்டு வருசத்துக்கு ஒரு முறை. வருசா வருசம் வராததை நடத்த முடியாது என்று எந்தத் தர்மகர்த்தாவாவது கைவிரித்ததுண்டா? திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போன பங்காளியெல்லாம் லீவு போட்டுவிட்டு வந்து நிற்பதே அடிக்கடி வராத நோம்பிக்குத்தான். பொருளாளர்களுக்கு இன்னொன்று: நன்கொடைக்கு வருசா வருசம் அதே கடைப் படியேற வேண்டியதில்லை.

பிறந்தநாள் இல்லாத பிள்ளை என்று என் பேத்திக்காகப் பரிதாபம் தேடி வரவில்லைங்க. மாசி மாதத்தில் அவளுடைய நட்சத்திரம் வருசம் தப்பாமல் வருகிறது. அவள் பாட்டி தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுக் கோயிலுக்குக் கூட்டிப் போய்விடுகிறாள். தேதி தடுமாறுவது இங்கிலீஷ் காலண்டரில் மட்டும்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் யாரோ கேலி செய்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, "அப்புச்சி, என்னையாட்ட இந்தத் தேதில பொறந்த மியூசிக்காரங்க ஆராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள். அதற்குப் பதில் தேடப் போய்த்தான் எனக்கே விசயம் தெரிந்தது.

முதலில் அகப்பட்டவர் ரொசினி. 1792 பிப்ரவரி 29, இத்தாலியில் பெசாரோ என்ற ஊர். அம்மா பாடகி. அப்பா ஊருக்கு டிரம்பெட்டும் ஹார்னும் ஊதியவர், அதாவது எங்கள் வகையறா. மகன் 39 ஓப்பராக்கள், அதாவது பாடியே நடிக்கிற நாடகங்கள், எழுதினார். கடைசி ஓப்பரா 'வில்லியம் டெல்', 1829. அதன் முகப்பிசையின் கடைசிப் பகுதியில் டிரம்பெட் எடுத்துக் கொடுக்க, குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடுமே, அந்த மெட்டைக் கார்ட்டூன் பார்த்த எல்லாப் பிள்ளைகளும் கேட்டிருக்கும், பேர்தான் தெரியாது. அதை எழுதும்போது அவருக்கு வயது 37. அதோடு ஓப்பராவை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மிச்சம் இருந்த 39 வருசமும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். நூறால் வகுபடும் வருசம் நானூறாலும் வகுபட்டால்தான் லீப் வருசம் என்பதால் 1800-இல் பிப்ரவரி 29 கிடையாது. மனிதர் நாலு வயதில் ஒரு பிறந்தநாள் பார்த்தவர், அடுத்ததைப் பார்க்கப் பன்னிரண்டு வயதாகிவிட்டது. 1868-இல் 76 வயது முடிந்தபோது வந்தது பதினெட்டாவது பிறந்தநாள். அந்த வருசமே நவம்பரில் போய்ச் சேர்ந்தார்.

அடுத்து 1904 பிப்ரவரி 29. அன்றைக்கு மதுரையில் பிறந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். அவர் நடனக்காரர்தானே என்பீர்கள். 1936-இல் அவர் தொடங்கிய கலாக்ஷேத்ரா என்ற கலைப் பள்ளியில் சங்கீத வித்வான்கள் டைகர் வரதாச்சாரியாரையும் மைசூர் வாசுதேவாச்சாரியாரையும் கொண்டுவந்து உட்காரவைத்தாரே, அதற்கே அவரைச் சங்கீதக் கணக்கில் எழுதலாம். 1977-இல் அவரைக் குடியரசுத் தலைவர் ஆகச் சொல்லி ஒரு பிரதமர் கேட்க, வேண்டாம் என்றுவிட்டார். கேட்ட மொரார்ஜி தேசாய் பிறந்ததும் 1896 பிப்ரவரி 29. 1900-இலும் அந்தத் தேதி வரவில்லை. ஆகவே எட்டு வயதுப் பையன் மொரார்ஜிக்கு முதல் பிறந்தநாள் வந்த அன்றைக்குத்தான் மதுரையில் ருக்மிணி பிறந்தார். இதை என் பேத்தியிடம் சொன்னபோது விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள்.

அதே நாளில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றில் ஜிம்மி டார்சி பிறந்தார். ஜாஸ்காரர். கிளாரினெட், சாக்சபோன் இரண்டும் வாசிப்பார். அப்பா சுரங்கத் தொழிலாளியாக இருந்து பேண்டு மாஸ்டர் ஆனவர். தம்பி டாமி டிரம்போன். அண்ணன் தம்பி சேர்ந்து பேண்டு நடத்தி, ஒரு பாட்டை எந்த வேகத்தில் வாசிப்பது என்ற தகராறில் 1935-இல் பிரிந்து, 1953-இல்தான் மறுபடி சேர்ந்தார்கள். இதைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். எங்கள் செட்டும் அதே தகராறில்தான் ரெண்டாச்சு. எங்களுக்குத் திரும்பச் சேரத்தான் கொடுத்துவைக்கவில்லை.

அல்ஜீரியாவின் ஓரான் நகரத்து காலித் 1960-இல் இதே தேதிக்காரர். ராய் என்கிற அந்த ஊர்ப் பாட்டு வகையை உலகத்துக்குக் கொண்டுபோன அவருடைய 1992-ஆம் வருசத்துப் பாட்டின் பேர் 'திதி'. பஞ்சாங்கத்துத் திதி இல்லைங்க, அது வேறு.

பிறப்பை விட்டுவிட்டு அன்றைக்கு நடந்ததைப் பார்த்தாலும் சரக்கு இருக்கிறது. 1968 பிப்ரவரி 29-ஆம் தேதி நடந்த கிராமி விழாவில் வயலின்காரர் யெஹுதி மெனுஹினோடு சேர்ந்து வாசித்த இசைத்தட்டுக்காகப் பண்டிட் ரவிசங்கருக்கு விருது. அதே விழாவில் சிறந்த ஆல்பம் பீட்டில்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்'; அதிலும் சிதாரும் தபலாவும் கேட்கும்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. 1879-இல் அரங்கேறிய 'பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' என்ற ஓப்பராவுக்கு ஆர்தர் சல்லிவன் இசை. அதில் ஒரு பையன், 21-ஆவது பிறந்தநாள் வரை கடல் கொள்ளையரிடம் வேலை செய்வதாக ஒப்பந்தம். 21 வயதானதும் கிளம்பப் பார்க்கிறான். ஒப்பந்தத்தில் 'வயது' என்று இல்லை, 'பிறந்தநாள்' என்றுதான் இருக்கிறது, நீ பிறந்ததோ பிப்ரவரி 29, ஆகவே 1940 வரைக்கும் இரு என்று பிடித்துக்கொள்கிறார்கள். கதையில் அது சிரிப்பு. நிஜமான 1940 பிப்ரவரி 29 இரவில் ஆஸ்கார் விழா நடந்தது. 'ஓவர் தி ரெயின்போ' சிறந்த பாட்டு. ஹாட்டி மெக்டேனியல் என்ற நடிகைக்குத் துணை நடிகை விருது, கறுப்பினத்தவர் ஒருவர் வாங்கிய முதல் ஆஸ்கார். அவர் முன்பு ப்ளூஸ் பாடி இசைத்தட்டுக் கொடுத்தவர். விருது வாங்க வந்த அவரை அந்த மண்டபத்தில் சுவரோரம் தனி மேசையில்தான் உட்காரவைத்திருந்தார்கள்.

எந்தத் தேதியைத் தோண்டினாலும் இப்படி நாலு பேர் கிடைப்பார்கள்தான், எனக்கும் தெரியும். தேதி யாரையும் வித்வான் ஆக்காது. கீர்த்தனை எழுதின நம்ம பெரியசாமித் தூரன்கூட 1908-இல், லீப் வருசத்தில்தான் மஞ்சக்காட்டு வலசில் பிறந்தார். ஆனால் செப்டம்பர் மாதம்.

நான் சொல்ல வருவது, உங்கள் நிரலில் மற்ற நாளுக்கெல்லாம் சொந்தக்காரர் இருக்கிறார். தையில் தியாகராஜர், புரட்டாசியில் நவராத்திரி, மார்கழி முழுக்கத் திருப்பாவை. அந்த நாட்களில் எங்களுக்கு இடமில்லை, கேட்கவும் மாட்டோம். பிப்ரவரி 29 யாருக்கும் பட்டா போடாத நாள். அன்றைக்குத் தூரன் பாட்டுக்குப் பக்கத்தில் ரொசினியின் குதிரை ஓடினால் யார் கோபித்துக்கொள்வார்கள்? அண்ணன்மார் கதைக்கு உடுக்கை அடிக்கிறவரும், ஜமாப் மேளம் அடிக்கிற பையன்களும், கல்யாணத்துக்கு மட்டும் கூப்பிடப்படுகிற பேண்டுக்காரர்களும் ஒரு சாயங்காலம் உங்கள் மேடையில் உட்கார்ந்து வாசிக்கட்டுமே. நாங்கள் வாசித்ததெல்லாம் நடந்துகொண்டும் நின்றுகொண்டும்தான்.

அடுத்தது 2028, செவ்வாய்க்கிழமை. ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பதுக்கு முடித்துவிடலாம். என் பேத்திக்கு அப்போது பன்னிரண்டு வயது. ரொசினி இரண்டாவது பிறந்தநாள் பார்த்த வயதில் இவளுக்கு மூன்றாவது. அந்தக் குதிரை மெட்டை வயலினில் ஏற்கெனவே பாதி பிடித்துவிட்டாள், வேகம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. ஆள் சேர்ப்பது என் பொறுப்பு. யாரும் சம்பளம் கேட்க மாட்டோம். டீயும் ராத்திரிச் சாப்பாடும் போதும்.

மண்டபத்துக்கு அட்வான்ஸ் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்டோணும் என்று சொல்லியனுப்புங்க. அந்த மாதம் பெயிண்ட் வேலை ஏதாவது இருந்தால் இருபத்தெட்டாம் தேதிக்குள் முடித்துவிடுங்க.

இப்படிக்கு,
கோபி பக்கத்துக் கிளாரினெட்காரன்